கடைசிப் பலகை

“அக்கா, இந்தச் சுவரைக் கட்டின கொத்தனார் கண்ணை மூடிக்கிட்டா கட்டினாரு?”

லேமினேட் தரை போட வந்தவர் கடைசிப் பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்து, சுவரின் நெளிவைப் பென்சிலால் பலகையில் வரைந்து, அப்படியே வெட்டினார். வெட்டியதும் விழித்தார். பலகையின் ஓரத்தில் அருகருகே இரண்டு சின்ன வளைவுகள், குதிகால்களைப் போல. சுவரைத் தடவினார். அங்கே எந்தப் புடைப்பும் இல்லை.

அந்த இடத்தில்தான் வீட்டுக்காரியும் கணவரும் மகளை நிறுத்தி உயரம் குறிப்பார்கள். மகள் இறந்து மூன்று வருடம். வாடகைக்கு விடுவதற்காகக் கணவர் அந்தக் கோடுகளைப் போன வாரம்தான் பெயிண்ட் அடித்து மறைத்தார்.

வீட்டுக்காரி பீரோவிலிருந்து மகள் கடைசியாகப் போட்டிருந்த செருப்பை எடுத்து வந்து வளைவில் பொருத்திப் பார்த்தாள்.

“வேற பலகை வெட்டிடட்டுமா அக்கா?”

“வேணாம்ப்பா. இதையே போடு. வாடகைக்கு விடலை.”

செருப்பு வளைவுக்குள் லொடலொடவென்று ஆடியது. மகள் வளர்ந்திருந்தாள்.