பேர் கேட்டுச் சிலிர்த்த கிடா

ஒரே பட்டியில் இரண்டு கிடாக்கள் இருந்தன.

"என் பேர் ராஜேந்திரன். அரசர்களுக்கெல்லாம் தலைவன் என்று அர்த்தம். கங்கை வரை வென்ற சோழன் பேர்டா!" என்றது ஒன்று.

"எனக்கு மட்டும் ஏன் குப்பன்?" என்றது மற்றது.

"உனக்கு முன்னே பிறந்ததெல்லாம் செத்துப்போச்சு. நீயாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் புரட்டி வைத்த பேர். போடா குப்பா!"

குப்பனுக்கு வயிறெரிந்தது.

திருவிழாவன்று பட்டிக்காரர் மாலையோடு வந்து, "ராஜேந்திரா, வா!" என்றார். குப்பன் முந்திக்கொண்டு மாலைக்குள் தலையை நுழைத்தது. எந்தக் கிடாவானால் என்ன, மாலை விழுந்ததுதான் ராஜேந்திரன் என்று அவரும் இழுத்துப் போனார்.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா சிலிர்த்தால்தான் வெட்டச் சம்மதம். அரிவாளைப் பார்த்த குப்பன் அசையாமல் நின்றது.

"ராஜேந்திரா, உத்தரவு கொடுப்பா!" என்றார் பட்டிக்காரர். ஊரே அந்தப் பேரைச் சொல்லிக் கூவியது.

குப்பனுக்குத் தலை முதல் வால் வரை சிலிர்த்தது.