தகரத்துக்கு உள்ளே

“இன்ஃபரன்ஸ் கண்டதிலிருந்து வாறது, மகன். அஸம்ப்ஷன்…”

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த வாப்பா இதை எப்படி முடிப்பார் என்று பளீலுக்கு ஞாபகம் வரவில்லை. வாயிலிருந்து வாறது என்றாரோ, வயிற்றெரிச்சலிலிருந்து என்றாரோ. தமிழில் இரண்டையும் ஊகம் என்று சொல்லித் தப்பிவிடுகிறோம் என்று குறைப்படுவார்.

அதை யோசிக்கிற மனநிலையிலும் பளீல் இல்லை. அவர் பள்ளிவாசல் தலைவர். மோதினார் ஜெமீல் கல்முனைச் சாராயத் தவறணைக்குள் போய்வந்தாராம். பாங்கு சொல்கிற வாய். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்றுதான் நிர்வாக சபைக் கூட்டத்துக்கே வந்திருந்தார்.

வேலை போனால் பள்ளி வளவில் இருக்கிற வீடும் போகும். ஜெமீலின் பெண்சாதிக்கு நிறைமாதம்.

“மோதினார், போனீங்களா?”

“ஓம், தலைவர்.”

“குடிச்சீங்களா?”

“இல்ல.”

“அப்ப என்னத்துக்குப் போன?”

“அத மட்டும் கேக்காதீங்க.”

“தண்ணி விடாய் போல” என்றார் நிர்வாக சபை உறுப்பினர் அப்துல் கபூர். இரண்டு பேர் சிரித்தார்கள். கபூர் விடவில்லை. இப்படிப்பட்டவரின் பாங்குக்குப் பிள்ளைகளை எப்படித் தொழ அனுப்புவது என்று பொரிந்து தள்ளினார்.

“குடிக்கல்லயாம். கடைசி வாங்குப் பலகைக்குப் போய் கிளாஸக் கையில எடுத்தத என்ட கண்ணால கண்ட நான்.”

“எங்க இருந்து கண்ட?” என்றார் பளீல்.

“றோட்டால போகக்குள்ள.”

பளீல் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தவறணை வாசலை ஆளுயரத் தகரம் மறைத்திருக்கும். றோட்டால் போகிறவனுக்குத் தகரத்துக்குக் கீழே உள்ளே இருப்பவர்களின் செருப்புத்தான் தெரியும். கடைசி வாங்குப் பலகையில் நடந்ததைக் காண, தகரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும்.

வாப்பா சொன்ன முதல் பாதி இதுதான்.

“மோதினார், நீங்க எடுத்தது யார்ட கையில இருந்த கிளாஸ்?”

ஜெமீல் கபூரைப் பார்த்தார். கபூரின் கை தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தது. ஜெமீல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“மஃரிபுக்கு நேரமாகுது, தலைவர். பாங்கு சொல்லணும்.”

“போய்ச் சொல்லுங்க” என்றார் பளீல்.

பாங்கு கேட்டது. பளீல் எழும்பி, அப்துல் கபூரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், முன்வரிசையில் தன் பக்கத்தில் தொழ நிறுத்திக்கொண்டார்.