இந்த வருஷத்து நீலம்

ஐஸ் ஹாக்கி வட்டு வலைக்குள் கிடந்தது. அதன் பக்கத்தில் எங்கள் கோல்கீப்பர் ஜோரி மல்லாந்து கிடந்தான். அவன் மேல் கெல்டன் ஊர் அணியின் டர்காட்.

டர்காட்டின் முதுகிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டேன்.

நடுவர் மைரன் விசில் ஊதினார். கோல் என்று கையை நீட்டவில்லை. இல்லை என்று கையை விரிக்கவும் இல்லை.

ஆட்டம் முடிய சில வினாடிகள்தான். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். இது செல்லுமானால் சமன். போன வாரம் ஜெயித்திருந்த கெல்டனுக்கு அதுவே போதும். எங்கள் சீசன் இன்றோடு முடிந்துவிடும்.

சீசன் முடிந்தால் நாளைக் காலை குளிர் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது ஊர் மன்றத்தின் உத்தரவு. கரண்ட் செலவு. நிறுத்தப் போகிறவன் நான். அக்டோபரில் இந்த அரங்கத்துக்கு ஐஸ் போடுவதும், வசந்தத்தில் அதைக் கரைத்துச் சாக்கடையில் விடுவதும் என் வேலை. விளையாடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஜெயித்தால் ஆளுக்கொரு வெற்றி; தீர்மானிக்க இன்னொரு சுற்று. ஐஸ் இன்னும் இரண்டு வாரம் இருக்கும்.

கோப்பையைப் பற்றி நான் நினைக்கவில்லை.

"என்னைத் தள்ளிவிட்டாங்க மைரன்," என்று டர்காட் எழுந்தான். "நானா போய் இவன் மேல படுப்பேனா? என் டேஸ்ட் அவ்வளவு மோசமில்ல."

"பிரேக் பிடிக்கத் தெரியாதவன் டிராக்டரோட நிறுத்திக்கணும்டா," என்றான் ஜோரி.

சொல்லிவிட்டு அவன் எழுந்து, கோல்கீப்பர்கள் செய்வதுபோல, பிடிமானத்துக்காகக் காலடி ஐஸை ஸ்கேட்டால் வறட் வறட்டென்று சுரண்டினான்.

"மெதுவா," என்றேன்.

"இவர் ஐஸுக்கு வலிக்குமாம்," என்று ஜோரி டர்காட்டிடம் சொன்னான். டர்காட்கூடச் சிரித்துவிட்டான்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கோலுக்கு முன்னால் இருக்கும் நீல அரைவட்டத்தில் நான் ஐஸை வழவழப்பாக்கும் மெஷினை ஏற்றுவதில்லை. மண்டியிட்டு, வெந்நீரும் துணியுமாகக் கையால் சரிசெய்கிறேன். ஜோரி சுரண்டிய தூளை வெளியே கொட்டாமல் அங்கேயே நீர் விட்டு உறைய வைக்கிறேன். கேலி செய்வார்கள். ஆனால் லேசியாவுக்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் தடுப்பதில்லை.

லேசியா என் மனைவி. ஜோரிக்கு முன்பு கோல்கீப்பராக அந்த நீலத்தில் நின்றவள் அவள்தான். போன அறுவடை நேரம், மண் ரோட்டில் ஒரே புழுதி. தானிய லாரிக்காரனுக்கு அவளுடைய கார் தெரியவில்லை.

எதிராளியின் ஸ்கேட் நுனி நீலத்தைத் தொட்டாலே, "இது என் வீடு. பூட்ஸைக் கழட்டிட்டு வா," என்பாள்.

விதியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. நீலத்துக்குள் எதிராளி தானாக வந்து கோல்கீப்பரை இடித்தால் கோல் செல்லாது. அந்தக் கோல்கீப்பரின் ஆளே அவனைத் தள்ளிவிட்டிருந்தால் செல்லும்.

மைரன் என்னிடம் வந்தார். ஊரில் பெயின்ட்டும் ஆணியும் விற்பவர். லேசியாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்.

"ரீமி, எனக்கு டர்காட் முதுகு மறைச்சிடுச்சு. உன்னையே கேக்கறேன். நீ தள்ளினியா, அவனா வந்தானா?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு தடவை இதே கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லி, நாங்கள் தோற்றோம். லேசியா வீடு வரைக்கும் பேசவில்லை. கதவைத் திறக்கும்போது, "பொய் சொல்லியிருந்தா உன்னை வெளியவே நிறுத்தியிருப்பேன்," என்றாள்.

குனிந்து நீலத்தைப் பார்த்தேன்.

"அவனா வந்தான்," என்றேன்.

மைரன் இரண்டு கைகளையும் விரித்தார். கோல் இல்லை. மிச்ச வினாடிகள் ஓடி மணி அடித்தது. ஜோரியின் மேல் எல்லோரும் விழுந்தார்கள்.

டர்காட் என் பக்கமாக வந்து நின்றான். கோபம் எதுவும் தெரியவில்லை.

"நீ தள்ளினது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகட்டும் ரீமி. இந்த வருஷம் உனக்கும் ஏதாவது ஒண்ணு கிடைக்கட்டும்."

எல்லோரும் பீர் குடிக்கப் போன பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வந்து மண்டியிட்டேன். ஜோரி ஆழமாகத்தான் சுரண்டியிருந்தான். தூளைக் கையால் கூட்டிப் பள்ளத்தில் நிரப்பினேன்.

மைரன் பலகைத் தடுப்பின் மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் நீலம் ஏன் இப்படி மங்கிக் கிடக்கு? என் கடைப் பெயின்ட் இப்படி இருக்காதே. தண்ணியை ஜாஸ்தியா ஊத்திட்டியா?"

"ஊத்தியிருப்பேன்."

"அதான் இன்னும் ரெண்டு வாரம் இருக்கே. மேல ஒரு கை அடிச்சிடலாமா? பெயின்ட் நான் தரேன்."

"வேண்டாம்."

அவர் கிளம்பிப் போனார். ஊற்றிய நீர் உறையும் வரை அங்கேயே இருந்தேன்.

மண் இளகினதும் புதைத்துவிடலாம் என்று லேசியாவின் அம்மா வாராவாரம் போனில் சொல்கிறாள். சரி என்கிறேன். தகனத்துக்குப் பிறகு கொடுத்த சாம்பல் பெட்டி வீட்டில் அலமாரியின் மேல் இருக்கிறது. அவள் வரும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள்.

அக்டோபரில் நான் நீலம் கலந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி காலி.