இடப்பக்கக் கதவு

கண்டக்குழி வெயிலில் கார் கொதிக்கும். நோயாளி மனைவி டிலுக்ஷி ஏறுமுன் உள்ளே குளிரட்டும் என்றுதான், வீட்டு வாசலிலிருந்தே ஸ்டார்ட் பண்ணும் ரிமோட்டைக் கிளைட்டன் காருக்குப் பொருத்தினான். கதவு திறந்திருந்தால் அது வேலை செய்யாது. அவளோ அவசரக்காரி. இடப்பக்கக் கதவை முதலில் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் இதே சண்டை.

அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து ரிமோட் வேலை செய்யவில்லை. அவள் இல்லாத காரைப் பார்க்கப் பொறுக்காமல் கிளைட்டன் அதை விற்கத் துணிந்தான்.

“ரிமோட் வேலை செஞ்சாத்தான் எடுப்பன்,” என்றார் கார் வாங்க முந்தலிலிருந்து வந்தவர்.

கார் வயரிங் வேலை செய்யும் லோறன்ஸ் பாஸ் வியர்வையைத் துடைத்தார். “கதவுச் சுவிட்சையும் மாத்திட்டன் தம்பி. கதவு சாத்தித்தான் கிடக்கு. இடப்பக்கம் திறந்திருக்கெண்டே ரிமோட் பெட்டி சொல்லுது. உங்கட காருக்கு என்ன பிடிவாதமோ!”

கிளைட்டன் பொத்தானை அழுத்தினான். பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

“ஏறி இருந்து கதவைச் சாத்து, டிலு.”

எஞ்சின் உறுமியது.

“அந்தா, சரி வந்துட்டுது!” லோறன்ஸ் கைதட்டினார். வந்தவர் சாவியை வாங்கி, ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கார் மணல் ஒழுங்கையைத் தாண்டும்போதுதான் கிளைட்டனுக்கு உறைத்தது. அவளை ஏற்றிவிட்டவனே அவன்தான்.

“டிலு, இறங்கு! இறங்கு!” வெறுங்காலோடு ஓடினான்.

உள்ளே குளிர் நிற்கவென்று கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது.