சிப்ரி யாருக்கு அப்பா?

"கல் தூக்க வராத அப்பனோட பிள்ளை மாதா பவனியில மேளம் அடிக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க!" என்றார் டொனாத்துஸ்.

பெற்றோர் சங்கத் தலைவர். கூட்டமானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, அவர் கழுத்தைவிட்டு விசில் இறங்காது.

போன மழையில் மலையோடை பெருக்கெடுத்து, இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவிலுள்ள அந்தச் சின்னப் பங்குக் கோயில் பள்ளிக்குள் புகுந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு முழுக்கச் சேறு. அடுத்த மழைக்குள் கரைச்சுவர் எழும்பியாக வேண்டும். சனிக்கிழமைதோறும் குடும்பத்துக்கு ஒரு குவியல் கல். அப்பாமார் ஓடையிலிருந்து சுமந்து வரவேண்டும். டொனாத்துஸ் மத்தியானம்வரை கரையில் நின்று விசில் ஊதி வேலை வாங்குவார்.

கைகள் மெல்ல எழுந்தன. மனசில்லாமல்தான். தலைவரிடம் வாயைக் கொடுத்து யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

"நான் ஒத்துக்க மாட்டேன்."

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான் சிப்ரி.

ஆரம்பித்துவிட்டானா! டொனாத்துஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுச் சீருடை என்றால் எதிர்ப்பு. சுற்றுலா என்றால் எதிர்ப்பு. இத்தனைக்கும் வேலையில் ஆள் ஆமை. மற்றவர்கள் மத்தியானமே குவியலை முடித்துவிட்டு மரவள்ளியும் சுட்ட மீனும் தின்னப் போய்விடுவார்கள். இவன் மட்டும் பொழுது சாயும்வரை கல் சுமந்துகொண்டிருப்பான்.

"ஏன் ஒத்துக்க மாட்டே?"

"வெரோனிகா அக்கா புருஷன் மலேசியாத் தோட்டத்துல கெடக்காரு. அவர் எப்படி வந்து தூக்குவாரு? அந்தப் பையன் தவக்காலத்துலேருந்து தகர டப்பாவுல தட்டித் தட்டிப் பழகியிருக்கான். அவன் கையிலேருந்து மேளத்தைப் புடுங்குவீங்களா?"

"புடுங்கத்தான் செய்வோம். இது ஒத்துமைக்குப் போட்ட சட்டம். பாதிக் குவியலை யார் கொண்டாந்து கொட்டுறாங்கன்னே தெரியல. எல்லாம் கூலிக்கு ஆள் வெச்சிருப்பீங்க. பெத்த அப்பன்தான் வந்து தூக்கணும்!"

"பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?"

இதற்காகத்தான் காத்திருந்தார் டொனாத்துஸ். நேற்றிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை எடுத்து விட்டார்.

"அது இருக்கட்டும் சிப்ரி. உன் மக யூலி எந்த வகுப்பு?"

சிப்ரி வாசலைப் பார்த்தான்.

"நான் சொல்லட்டா? நேத்து சந்தையில பார்த்தேன். நீலப் பாவாடை! நம்ம பிள்ளைங்க போடுறது சிவப்பு. நீலம் மேல்பள்ளி உடுப்பாச்சே. எப்பப் போனா?"

"போன வருஷம்."

"கேட்டுக்கிட்டீங்களா? போன வருஷமே போயாச்சாம்! இது பெத்தவங்க கூட்டம்யா. எந்தப் பிள்ளைக்கு அப்பான்னு வந்து நிக்கிற நீ?"

விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினார். கூடம் அடங்கியது. சிப்ரி பெஞ்சிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"என் மகனுக்கு" என்றாள் வெரோனிகா.

களுக்கென்று யாரோ சிரித்தார்கள்.

"யாரு பல்லைக் காட்டுறது? ஆமா, என் மகனுக்குத்தான். பெத்தவன் கடல் தாண்டி எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுறான். இங்க என் குவியலுக்குக் கல் சுமந்தது இவரு. கூலியாம்ல, கூலி! ஒரு வாய் காப்பி குடுத்தாக்கூட வேணாம்னுட்டுப் போற மனுஷன்."

"எம் பொண்ணுக்கும்" என்று எழுந்தாள் இன்னொருத்தி.

"எம் பசங்க ரெண்டு பேருக்கும்" என்றார், படகில் கால் நசுங்கிப்போன மீனவர் ஒருவர், ஊன்றுகோலைப் பிடித்தபடி.

பின்வரிசையில் ஒவ்வொரு தலையாக எழுந்தது. முன்வரிசையில் தூக்கிய கைகள் சத்தமில்லாமல் இறங்கின.

ஆமைக்கு ஏன் பொழுது சாய்ந்தது என்று டொனாத்துஸுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன? ஊர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்கினால் தலைவர் பதவி எதற்கு?

"இதெல்லாம் செல்லாது! சட்டம்னா சட்டம். பெத்த அப்பன் வரணும். வெரோனிகா, உன் பையன் மேளத்தை நாளைக்கே பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கிட்ட திருப்பிக் குடுத்திடணும்."

மூலையில் காப்பித் தட்டு டங்கென்று மேசையில் இறங்கியது. காப்பி கொடுத்துக்கொண்டிருந்த ரெஜினா, தலைவரின் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சட்டத்தை நல்லாப் போடுங்க. ஆனா மொதல்ல நம்ம பையன் ஆல்டோகிட்டேருந்து மேளத்தை வாங்குங்க."

"உனக்கென்ன கிறுக்கா? நம்ம குவியல்தான் வாரா வாரம் முழுசா நிக்குதே!"

"நிக்குது. எப்படி நிக்குதுன்னு என்னிக்காவது கேட்டீங்களா? நீங்க குடையைப் புடிச்சுக்கிட்டு விசில் ஊதினா கல்லு நடந்து வந்துடுமா? மொத வாரம் நான்தான் தூக்கினேன், இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

டொனாத்துஸின் கை விசிலுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

ரெஜினா வாசல்பக்கம் திரும்பினாள். சிப்ரி தொப்பியை மாட்டிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்திருந்தான்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? வந்து உக்காருங்க. அவர் போட்ட சட்டப்படி பார்த்தா, எங்க ஆல்டோவுக்கும் நீங்கதான் அப்பா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.