எத்தனாம் நம்பர் நூல்?

பல நாட்டுப் பிள்ளைகள் எழுதும் ஒப்பீட்டுத் தேர்வு இன்று சங்கரன்கோவில் பள்ளியிலும் நடக்கிறது. ஜன்னல் வெயிலோடு விசைத்தறிச் சத்தமும் உள்ளே வந்து மேசைகளில் படிகிறது. கேள்வித்தாளில் ஒரு கணக்கு: ‘மாறன் ஒரு நூலின் பாதியை மூன்று நாளில் முடித்தான். அதே வேகத்தில் மீதியை முடிக்க எத்தனை நாள் ஆகும்?’ தறிக்காரர் மகள் பூமாரி, பாவாடையில் ஒட்டிய பஞ்சைக் கிள்ளியபடி எழுந்து நிற்கிறாள். “எத்தனாம் நம்பர் நூலுன்னு போடலையே, டீச்சர்? நைசு நூலுன்னா நெய்ய கூட நாளாகுமே?” தேர்வு விதிப்படி, டீச்சர் கேள்விக்கு விளக்கம் சொன்னால் பள்ளியின் விடைத்தாள்களே செல்லாது. நிர்மலாதேவி டீச்சர் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொள்கிறார். “இன்னொருக்க வாசி மக்கா.” பூமாரி விரல் வைத்து வாசிக்கிறாள். “நூலை… வாசி… ஐயோ, புஸ்தகமா!” நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. அதுவரை அதே கேள்வியில் சும்மா கிடந்த பேனாக்களெல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன.