எச்சில் ஊறாத வாய்

தொண்டைப் புற்றுக்கட்டிக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததிலிருந்து அய்யாக்கண்ணுவின் வாயில் எச்சில் ஊறுவதே இல்லை. சோறு மணலாக உருண்டது. பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகி ஆடத் தொடங்கின. எச்சில் வற்றினால் அப்படித்தான் என்றார் டாக்டர். மனைவி பூங்காவனத்துக்கு அந்தக் காரணம் போதவில்லை. கல்லுப்பும் மிளகாயும் அள்ளி அவர் தலையைச் சுற்றிவிட்டு, வாயருகே கையை நீட்டினாள்.

"கண்ணு பட்டதெல்லாம் கழியட்டும். மூணு வாட்டி துப்புங்க."

உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது.

"எச்சிக்கு நான் எங்கடி போவேன்?"

"இருக்கறதத் துப்புங்க."

அலுப்போடு மறுபடி முக்கித் துப்பினார். ஆடிக்கொண்டிருந்த முன்பல் உப்பின் மேல் விழுந்தது. அவள் அதையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார்.

"ஒண்ணு," என்றாள், கையை மடக்காமல்.